கல்லொட்டி மீன்: ஓடைக்கரையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை மலையடிவார ஓடைகளுக்கு அழைத்துப்போவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். மயில், மந்தி என்று எதையாவது காட்டலாம் என்றுதான் கிளம்புவோம். கடைசியில் எல்லோரும் பாறையில் குப்புறப் படுத்து விரல் நீள மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோருக்கும் அதே சந்தேகங்கள். இந்தப் பக்கத்தில் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. இடையில் புகுந்து படிப்பவர்கள் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளவும்.

கல்லொட்டி என்று ஒரு மீனா? கெண்டை, கெளுத்தி, விரால் தெரியும். இதைக் கேள்விப்பட்டதே இல்லையே?

சந்தைக்கு வராத மீன், அதனால் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பார்த்திருப்பீர்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையில், தண்ணீர் கல்லில் மோதி நுரைக்கும் இடத்தில், நிழல் ஒன்று கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி அப்படியே ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருந்தால், அதுதான். விரல் நீளம்தான் வழக்கம். ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்ததைக் கண்டால் அன்றைக்கு நல்ல நாள்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். கல்கொரவை என்பார்கள், கல்லொட்டி என்பார்கள். கல் என்ற சொல் மட்டும் விடாமல் கூடவே வரும். நான் கல்லொட்டி என்றே எழுதுகிறேன். பார்த்தவுடன் விளங்குகிற பெயர் அது.

புத்தகத்தில் தேட வேண்டும். அறிவியல் பெயர் என்ன?

தென்னிந்திய ஓடைகளில் பரவலாகக் கிடைப்பது காரா முல்லியா. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன்களை விவரித்தபோது 1839இல் இதற்குப் பெயர் வைத்தார். காரா என்ற பேரினப் பெயர் அதற்கும் முந்தியது, ஹாமில்டன் 1822இல் இட்டது. காரா என்றதும் காராபூந்திதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். அதன் பிறகு எனக்கும் அப்படித்தான்.

இந்தப் பேரினத்தில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, இந்தியா வழியாகத் தென்சீனம் வரை ஓடைகளில் இருக்கின்றன. குடும்பத்தைப் பார்த்தால் கெண்டைக் குடும்பம். நம் குளத்து ரோகுவுக்கு ஒன்றுவிட்ட உறவு. இலங்கை மலை ஓடைகளில் காரா சிலோனென்சிஸ் என்ற இனம் இருக்கிறது, அது அந்தத் தீவுக்கே உரியது.

தண்ணீரில் எல்லாச் சின்ன மீனும் ஒரே மாதிரிதானே தெரிகிறது? எதை வைத்து அடையாளம் காண்பது?

முதலில் இடத்தைப் பாருங்கள். மேல்மட்டத்தில் கூட்டமாக, பளபளவென்று பக்கவாட்டில் மின்னிக்கொண்டு நீந்துவது கல்லொட்டி அல்ல. அடியில், கல்லின் மேல், தலையை நீர் வரும் திசைக்குக் கொடுத்து அசையாமல் கிடப்பதைத் தேடுங்கள்.

மேலே பாசிப்பச்சை கலந்த பழுப்பு. பக்கவாட்டில் மங்கலான கரும்பட்டை. செவுள் மூடியின் மேல்முனைக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. தலை கொஞ்சம் தட்டையாக, மூக்கு மழுங்கலாக இருக்கும். வாயோரத்தில் இரண்டு ஜோடிக் குட்டி மீசைகள். முன் துடுப்புகள் இரண்டும் விமான இறக்கை மாதிரி பக்கவாட்டில் விரிந்து கல்லில் படிந்திருக்கும். ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் வேண்டுமென்றால் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவை ஒன்றில் ஓடைத் தண்ணீரோடு ஒரு நிமிடம் எடுத்து, கீழிருந்து பாருங்கள். வாய்க்குப் பின்னால், நமக்கு மோவாய் இருக்கும் இடத்தில், சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்து வைத்ததுபோல வட்டமாக ஒரு தட்டு தெரியும். அது இருந்தால் கல்லொட்டி.

எப்படி ஒட்டுகிறது? பசை மாதிரி எதையாவது சுரக்கிறதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசை இல்லை. முன்னே சொன்ன மோவாய்த் தட்டுதான் எல்லாம். கீழுதடு வளர்ந்து அகன்று உருவான உறுப்பு அது. நடுவில் சதைப்பற்றான வழவழத் திண்டு, சுற்றிலும் பள்ளம், அதற்கு வெளியே மடிப்பாக ஒரு விளிம்பு. கல்லில் தட்டை அழுத்தும்போது இடையிலிருக்கும் நீர் வெளியேறி இறுக்கம் பிடிக்கிறது. சமையலறைச் சுவரில் அழுத்தி மாட்டும் ரப்பர் கொக்கி பிடிப்பதும் இப்படித்தான். ஆனால் ரப்பர் கொக்கி சொரசொரப்பான சுவரில் நிற்காது, இந்த மீன் நிற்கும். காரணம் அந்த விளிம்பில் நெருக்கமாக இருக்கும் சிறு முகிழ்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் அவற்றின் மேல் நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளாலான நுண்முட்கள் வரிசையாக நிற்கும். அவை கல்லின் சொரசொரப்பைப் பற்றிக்கொள்கின்றன. உறிஞ்சுவது பாதி, உராய்வு மறுபாதி.

இன்னொரு சூட்சுமம் ஓடையிலேயே இருக்கிறது. வேகமாக ஓடும் நீர் கல்லை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் மெதுவாகத்தான் ஓடும். கல் உரசி அதன் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. தட்டையான வயிறும் விரிந்த துடுப்புகளும் கொண்ட மீன் அந்த அடுக்குக்குள் பதுங்கிவிடுகிறது. மற்ற மீன்களை மிதக்க வைக்கும் காற்றுப்பை இதற்குச் சிறுத்துப் போயிருக்கிறது. மிதந்தால் அடித்துக்கொண்டு போய்விடுமே!

அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் மூச்சு எப்படி விடும்? சாப்பாடு?

ஒட்டும் தட்டு வேறு, வாய் வேறு. வாய் தட்டுக்கு முன்னால், கல்லைப் பார்த்தபடி இருக்கிறது. பிடியைப் பெரிதாக விடாமலேயே வாயோரத்தால் நீரை இழுத்துச் செவுள் வழியே விடலாம். கல்லில் மோதி நுரைக்கும் நீரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை என்பதால் பெரிய பெரிய மூச்சும் தேவைப்படாது.

சாப்பாடு அது உட்கார்ந்திருக்கும் கல்லேதான். கல்லின் மேல் படியும் பாசி, கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்ற நுண்பாசி, மட்கு, இடையில் அகப்படும் பூச்சிப் புழு. தாடை விளிம்பு கொம்புபோல் கெட்டியாக, கூர்மையாக இருக்கும். அதனால் சுரண்டும். தேங்காய் துருவுவதுபோல் முன்னும் பின்னுமாகத் தலையை ஆட்டி ஓர் இழுப்பு, நகர்ந்து இன்னோர் இழுப்பு. காலை வெயில் சாய்வாக விழும்போது பாசி படிந்த பாறையைப் பாருங்கள். பச்சைக்கு நடுவே நகத்தால் கீறியதுபோல் குட்டிக் குட்டி வெளிறிய கோடுகள் இருக்கும். மீன் கண்ணில் படாவிட்டாலும் அது சாப்பிட்டுப்போன எச்சில் இலைபோல அந்தக் கோடுகள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மீனைக் காட்டுவதற்கு முன் நான் காட்டுவது அந்தக் கோடுகளைத்தான்.

பாசி எளிதில் செரிக்காது. அதனால் குடல் உடலைவிடப் பல மடங்கு நீளம். முறுக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வயிற்றுக்குள் அடங்கியிருக்கும்.

அருவியில் ஏறிப்போகும் என்கிறார்களே, கதையா?

ஏறும். ஆனால் நீங்கள் மனதில் நினைக்கும் ஏற்றம் வேறு. கொட்டும் அருவியின் நடுவே சால்மன் மாதிரி துள்ளிப் பாயாது. அருவியின் ஓரத்தில் பாறை ஈரமாகக் கசிந்துகொண்டிருக்கும் இல்லையா, அங்கே தட்டை அழுத்திப் பிடித்து, உடலை ஒரு நெளி நெளித்து, மறுபடி அழுத்தி, விரற்கடை விரற்கடையாக மேலே போகும். பாதியில் நின்று வெகுநேரம் இளைப்பாறும். சில சமயம் வழுக்கி மொத்தமும் கீழே வரும்.

மழைக்காலத் தொடக்கத்தில், நீர் புதிதாக இறங்கும் நாட்களில், இந்தக் காட்சிக்கு வாய்ப்பு அதிகம். பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். மீனுக்குத் தட்டு இருக்கிறது, நமக்கு இல்லை. ஈரப்பாறையில் ஏறாதீர்கள்.

காட்டாற்று வெள்ளம் வரும்போது? கோடையில் ஓடை வற்றும்போது?

வெள்ளத்தில் கல்லின் மேற்புறத்தை விட்டுவிட்டுக் கல்லின் அடிக்கும் இடுக்குக்கும் போய்விடும். பெரும்பாறைகள் நிறைந்த ஓடையில் ஆயிரம் இடுக்கு. கற்களை அள்ளிவிட்ட ஓடையில் ஒதுங்க இடமில்லை. கீழே வரும் கேள்வி ஒன்றில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

வெள்ளத்தைவிடக் கோடைதான் கடுமையான காலம். ஓட்டம் அறுந்து, ஆங்காங்கே மடுவும் கசமும் மட்டும் மிஞ்சும். ஓடையின் மீன் எல்லாம் அந்த ஒன்றிரண்டு மடுக்களில் கூடிவிடும். நீர் சூடேறும், ஆக்சிஜன் குறையும், மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் வேட்டை. அடுத்த மழைக்கு ஓடையை நிரப்பப்போவது அந்த மடுவில் தப்பிப் பிழைத்தவைதான். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு மடுவைக் கலக்கி மீன் பிடிப்பவர் அந்த ஓடையின் விதைநெல்லை எடுத்துச் சமைக்கிறார்.

எப்போது முட்டையிடும்? குஞ்சைப் பாதுகாக்குமா?

மழையோடு சேர்ந்துதான் இனப்பெருக்கம். கல்லிடுக்கில், சரளையில் முட்டையைச் சிதறவிட்டுவிட்டுப் போய்விடும். காவல், வளர்ப்பு எதுவும் கிடையாது. அந்தப் பருவத்தில் மூக்கின் மேல் குருபோல முண்டு முண்டாகத் தெரியும். மீனுக்கு அம்மையா என்று கேட்டவர்களும் உண்டு, நோய் இல்லை.

ஓடையில் கால் வைத்தால் கடிக்கிறதே, அது இதுதானா?

சில சமயம். ஓடையில் அசையாமல் உட்கார்ந்தால் முதலில் வருபவை பெரும்பாலும் மேல்மட்டத்துக் கெண்டை வகைக் குஞ்சுகள். வெடுக் வெடுக் என்று கொத்திவிட்டு ஓடும். கல்லொட்டி தாமதமாக வரும், வந்தால் உட்கார்ந்து வேலை பார்க்கும். உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் ஒரு சொரசொரப்பு தெரிந்தால் அதுதான்.

அதைக் கடி என்று சொல்வதும் சரியில்லை. வாயில் பல் கிடையாது, கெண்டைக் குடும்பத்துக்கே தொண்டைக்குள்தான் பல். அது செய்வது மேலே சொன்ன அதே சுரண்டல். உங்கள் குதிகால் அதன் கணக்கில் இன்னொரு கல், காய்ந்த தோல் இன்னொரு பாசி.

அப்படியானால் மால்களில் தொட்டியில் விட்டுக் காலைக் கடிக்க வைக்கிறார்களே, அந்த டாக்டர் மீன் நம் ஊர் மீன்தானா?

உறவுதான், அதே மீன் அல்ல. மீன் ஸ்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது காரா ரூஃபா. யூப்ரடீஸ், டைகிரிஸ், ஜோர்டான் ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்தது. ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் 1843இல் விவரித்தார். துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் காங்கல் என்ற ஊருக்கு அருகில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நீரின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவு. அந்தச் சூட்டில் மீனுக்கு வேண்டிய இரை குறைவு. குளிக்க வந்த மனிதர்களின் தோல் அதற்குக் கிடைத்த சாப்பாடு. மருத்துவம் பார்க்கிறது என்று நாம் பெருமை கொடுக்கிறோம், அது பசிக்குச் சாப்பிடுகிறது.

தொட்டியில் இருப்பது காரா ரூஃபாதான் என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக வேறு மீன்களையும் விடுகிறார்கள். அவற்றில் சில வளர வளரப் பல் முளைத்து ரத்தம் வரக் கடிக்கக்கூடியவை.

தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய் இதனால் குணமாகும் என்கிறார்கள். என் தந்தைக்குச் சர்க்கரையும் உண்டு. அழைத்துப் போகலாமா?

தந்தைக்குச் சர்க்கரை இருக்கிறது என்றால் வேண்டாம். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் பதில். பலர் கால் வைத்த தொட்டி நீரை மீன் உள்ளே இருக்கும்போது கிருமிநீக்கம் செய்ய முடியாது. மீனையும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் கழுவிக் காய வைக்க முடியாது. இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டனுக்கு 2011இல் வந்த காரா ரூஃபா மீன்களைச் சோதித்தபோது மனிதருக்கும் தொற்றக்கூடிய பல பாக்டீரியா வகைகள் அகப்பட்டன. அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மீன் ஸ்பாவைத் தடை செய்திருக்கின்றன.

சொரியாசிஸ் பற்றி: ஆஸ்திரியாவில் 67 நோயாளிகளுக்கு மூன்று வாரம் மீன் சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நோயின் தீவிரம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அவர்களுக்கு மீனோடு சேர்த்துப் புறஊதாக் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மீன் இல்லாத இன்னொரு குழுவும் இல்லை. எது எவ்வளவு வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? மீனின் எச்சிலில் மருந்து இருக்கிறது என்று விளம்பரங்களில் வரும் பேச்சுக்கும் நிரூபணம் கிடையாது. செதில் உதிர்வது வேறு, நோய் தீர்வது வேறு. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே வாடி என்கிற பள்ளத்தாக்கு ஓடைகளில் குளிக்கும்போது மீன் காலை மொய்க்கிறது. அதுவும் கல்லொட்டியா?

ஆமாம், உங்கள் ஊர்க்காரனின் உறவினர்தான். ஓமானின் வாடிகளில் காரா இனங்கள் உண்டு. வாடி பனீ காலித் போகிறவர்கள் எல்லோரும் இந்தக் கூச்சத்தைப் பற்றிச் சொல்வார்கள். பாலைவனத்துக்கு நடுவில், மழை வந்தால் மட்டும் நீளும் நீரோட்டத்தில், நம் ஓடை மீனின் அதே குடும்பக் கலையை வைத்துப் பிழைக்கின்றன.

வாய்ப்பு கிடைத்தால் அல் ஹூத்தா குகைக்கும் போய் வாருங்கள். அங்கே நிலத்தடி நீரில் வாழும் காராவுக்குக் கண் இல்லை, நிறமும் இல்லை, இளஞ்சிவப்பாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக இருட்டில் இருந்து கண்ணை இழந்துவிட்ட மீன்.

தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யக் கடையில் சக்கர் மீன் விற்கிறார்களே, அதுதான் இது என்று கடைக்காரர் சொன்னார்.

இல்லை. அது தென்னமெரிக்கக் கெளுத்தி வகை. உடல் முழுக்கக் கவசம் மாதிரி தகடுகள், முதுகில் பாய்மரம் போன்ற துடுப்பு. அதற்கு வாயே உறிஞ்சி. கல்லொட்டிக்கு வாயும் ஒட்டும் தட்டும் தனித்தனி என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் வித்தியாசம். சக்கர் மீன் வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போனதும் ஏரியிலும் ஆற்றிலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி வலையைக் கிழிக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள்.

நம் ஓடைகளிலேயே ஒட்டிக்கொள்ளும் மீன்கள் வேறும் உண்டு. கல்லுக்கடியில் பதுங்கும் ஒரு குட்டிக் கெளுத்திக்கு நெஞ்சில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கும், அதனால் ஒட்டும். உளுவை வகையில் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணமாகியிருக்கும். கல் அயிரை போன்றவை உடலையே தட்டையாக்கிக் கல்லோடு அப்பிக்கொள்ளும். ஒரே ஓடை, ஒரே வெள்ளம், அதற்குள் நான்கு விதமான பிடி!

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? மகன் பிடித்து வந்துவிட்டான்.

முதலில் எங்கே பிடித்தான் என்று கேளுங்கள். காப்புக்காட்டுக்குள்ளோ புலிகள் காப்பகத்திலோ அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். ஊர் ஓடையில் பிடித்தது என்றால், முடிந்தால் அன்றைக்கே அதே இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

வளர்த்தே தீர வேண்டும் என்றால், தங்கமீன் கிண்ணம் ஆகாது. நீளமான தொட்டி, ஓட்டம் உண்டாக்கும் மோட்டார், உருண்டைக் கற்கள், நல்ல வெளிச்சம், குளோரின் நீங்கிய நீர். பாசி படிந்த கல்லை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மேலே இறுக்கமான மூடி. அருவி ஏறும் மீன் என்பதை மறந்துவிட்டு மூடி போடாமல் விட்டவர்கள் காலையில் தரையில்தான் பார்ப்பார்கள். ஒற்றைக் கல்லொட்டியை விட்டால் இடத்துக்காக மற்ற மீன்களைத் துரத்தும், நான்கைந்து சேர்ந்தால் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும். மோட்டார் நின்று மின்வெட்டு நீண்டால் முதலில் தவிப்பது இதுதான்.

கிணற்றிலோ தொட்டியிலோ விட்டால் கொசுப்புழுவைத் தின்னும்தானே?

தின்னாது. கொசுப்புழு தேங்கிய நீரில், மேல்மட்டத்தில் தொங்கும். கல்லொட்டியின் வாய் கீழ்நோக்கியது, வாழ்க்கை ஓடும் நீரில். கிணற்றில் விட்டால் கொசுவும் குறையாது, மீனும் பிழைக்காது.

சாப்பிடலாமா? ருசி எப்படி?

சாப்பிடுகிறார்கள். முள் அதிகம், சதை குறைவு. வறுத்தால் மொறுமொறுவென்று முள்ளோடு போய்விடும். குடலை முழுக்க எடுக்காவிட்டால் மண் நரநரக்கும், பாசிக் கசப்பும் இறங்கும். காரணம் மேலே சொன்ன முறுக்குக் குடல்தான். நான் ஒரு முறை சாப்பிட்டிருக்கிறேன். குழம்பைப் பாராட்டினேன், மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இமயமலை ஓடையிலும் இதே மாதிரி மீன் இருக்கிறதாமே? நடுவில் இவ்வளவு சமவெளி இருக்க, எப்படி வந்தது?

நல்ல கேள்வி, பெரிய ஆட்களும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா வாழ்நாளின் பெரும்பகுதியை மலையோடை மீன்களுக்குக் கொடுத்தவர். காராவைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1921இல் வந்தது. வேகநீர் ஓடையை விட்டு வெளியே வாழ முடியாத மீன்கள் அசாம் பக்கத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டும் இருந்து, நடுவில் காணாமல் போவது அவரை உறுத்தியது. நடு இந்தியாவின் சாத்பூரா, விந்திய மலைத்தொடர்கள் முற்காலத்தில் உயரமாக, ஈரமாக, தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், அந்தப் பாலத்தின் வழியே மீன்கள் ஓடை ஓடையாக மேற்கே நகர்ந்து பின் தெற்கே இறங்கியிருக்க வேண்டும் என்று 1940களில் வாதிட்டார். சாத்பூராக் கருதுகோள் என்று அதற்குப் பெயர்.

பிற்பாடு மரபணு ஆய்வுகள் வந்தபோது படம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை என்று தெரிந்தது. வெவ்வேறு உயிர்க்கூட்டங்கள் வெவ்வேறு காலங்களில் பிரிந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே பாலம் பொருந்தவில்லை. இருந்தாலும் மோவாயில் பொத்தான் வைத்த ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு துணைக்கண்டத்தின் மலைகள் எப்படி இருந்தன என்று கேட்ட மனிதர்மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை.

இது அழிந்துவரும் மீனா?

எந்தக் கல்லொட்டி என்று கேட்க வேண்டும். காரா முல்லியா பரவலாக இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அதற்கு இப்போதைக்குக் கவலை இல்லை. ஆனால் நம் மலைகளில் ஒரு சில ஓடைகளுக்கு மட்டுமே சொந்தமான இனங்கள் இருக்கின்றன. களக்காட்டு மலையின் பெயரையே தாங்கிய காரா களக்காடென்சிஸ் 1993இல்தான் விவரிக்கப்பட்டது. பழனி மலை, ஏலமலைப் பக்கத்துக் காரா ஹியூகி இன்னொன்று. இவை இரண்டும் ஆபத்திலுள்ளவை. தாமிரபரணியின் மேல்பகுதிக்கு உரிய காரா ஜோஷுவாய் என்று ஒன்றும் உண்டு. ஓர் ஓடை போனால் உலகத்திலேயே போய்விட்டது என்ற நிலையில் இருப்பவை இந்த மாதிரி இனங்கள்தான்.

எதனால் போகிறது என்றால், முதலில் மண். மேலே சரிவைத் தோண்டினால் மழையில் வண்டல் இறங்கிக் கல்லின் மேல் படியும். படிந்தால் பாசி மூடிப்போகும், தட்டும் பிடிக்காது. அடுத்தது கல்லையே அள்ளிக்கொண்டு போவது. தோட்டங்களிலிருந்து வடியும் பூச்சிமருந்து. தோட்டா போடுவது, காக்கைக்கொல்லி விதை போன்றவற்றைக் கலக்குவது. இவற்றில் பெரிய மீன் சின்ன மீன் வேறுபாடே கிடையாது. அருவிகளில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும். குற்றாலத்தில் இவற்றுக்குத் தடை இருக்கிறது, உறைகள் மட்டும் பாறையிடுக்கில் தவறாமல் கிடக்கின்றன.

எங்கள் ஊர் ஓடையில் தடுப்பணை வரப்போகிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மீனுக்கு நல்லதுதானே?

மீன் பெருகும், வேறு மீன். நிற்கும் நீரில் ஜிலேபிக் கெண்டை பிரமாதமாக வளரும். கல்லொட்டிக்கு வேண்டியது ஓட்டமும் கல்லும். அணைக்குப் பின்னால் ஓட்டம் நின்று வண்டல் படியும், கல் புதையும். கண்ணுக்கு நீர் நிறைந்து தெரியும், அந்த மீனுக்கு அது வறட்சி.

ஈரப்பாறையில் ஏறத் தெரிந்த மீன் இந்தச் சுவரை ஏறாதா என்று ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் என்னைக் கேட்டார். கோடையில் உலர்ந்து கிடக்கும் சிமெண்ட் சுவரை, அதுவும் உச்சியில் விளிம்பு நீட்டியிருப்பதை, ஏற முடியாது. சரிவாகக் கல் பாவி, ஓரத்தில் எப்போதும் மெல்லிய நீர் வழியும்படி விட்டால் ஏறிவிடும். ஊருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சுவரில் ஒரு பக்கத்தைச் சரிவாக்குங்கள் என்றுதான் சொன்னேன். வரைபடம் தயாராகிவிட்டது என்றார். அடுத்த அணைக்காவது யாராவது இதைப் படிக்கட்டும்.

படம் எடுத்து அனுப்பினால் எந்த இனம் என்று சொல்வீர்களா?

மேலிருந்து எடுத்த படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூன்று படம் வேண்டும். பக்கவாட்டில் ஒன்று, துடுப்புகள் விரிந்த நிலையில். மூக்கின் மேல் ஒன்று, ஏனென்றால் நீலகிரிப் பக்கத்துக் காரா ஸ்டீனோரிங்கஸ் போன்றவற்றுக்கு மூக்கின் நுனி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி வழியாக மோவாய்த் தட்டு ஒன்று. எந்த ஆற்றின் எந்த ஓடை என்பதையும் எழுதுங்கள். பாதி அடையாளம் அதிலேயே இருக்கிறது.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பு உரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விடும்போது ஓட்டத்துக்குள் எறியாமல் குடுவையை ஒரு கல்லருகே சாய்த்துப் பிடியுங்கள். வெளியே வந்ததும் முதல் கல்லில் ஒட்டிக்கொள்ளும், சற்று நேரத்தில் தலை ஆடத் தொடங்கும்.